மடம் மாளிகையான கதை

மாணவர்களே, அரசுக் குடியிருப்புகளில் பால்கனியை அடைத்துப் படிப்பறை ஆக்கிய வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த அறையினுள் காரணம் விளங்காத ஒரு படி இருக்கும். அல்லது ஓர் அறையிலிருந்து மற்றோர் அறையைப் பார்க்கும் சாளரம் ஒன்று இருக்கும். 'இவ்விடம் முன்பு வீட்டிற்கு வெளியே இருந்தது' என்பதற்கு அவையே சான்று. நூலைப் படிப்பதுபோலக் கட்டடத்தையும் படிக்கலாம். அவ்வாறு படிப்பதற்கு ஏற்ற மாளிகை ஒன்று இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில், ஏவான் ஆற்றின் அருகே உள்ளது. அதன் பெயர் லேக்காக் அபே. 'அபே' என்னும் சொல்லுக்குத் துறவியர் மடம் என்பது பொருள். செல்வர் வாழ்ந்த மாளிகைக்கு மடம் என்னும் பெயர் எப்படி வந்தது? அதற்குரிய விடையை அம்மாளிகையின் தெற்குச் சுவரே கூறும்.

1232-ஆம் ஆண்டில் சாலிஸ்பரிச் சீமாட்டி எலா என்பவர், கணவரை இழந்தபின், அங்கே பெண் துறவியருக்காக ஒரு மடத்தை நிறுவினார். பின்னர்த் தாமும் துறவு பூண்டு அதன் தலைவியானார். மடத்தின் நடுவில் சதுரமான முற்றம். முற்றத்தின் நாற்புறமும் கூரையிட்ட நடைக்கூடம். தெற்கே தேவாலயம் இருந்தது. கிழக்கே துறவியர் கூடிப் பேசும் மண்டபமும், குளிர்காலத்தில் தீ மூட்டிக் குளிர்காயும் அறையும் இருந்தன. நடைக்கூடம் 15-ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டது. அதன் கல் விதானத்தில் விலா எலும்புகளைப் போன்ற வளைவுகள் பின்னிப் பிணைந்து செல்கின்றன. ஹாரி பாட்டர் முதல் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இக்கூடம் புதிதன்று. அப்படத்தின் பள்ளிக் காட்சிகள் சில இங்கேதான் எடுக்கப்பட்டன.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அங்கே வழிபாடு நடந்தது. பிறகு மன்னர் எட்டாம் ஹென்றி நாடெங்கும் இருந்த மடங்களை மூடி, அவற்றின் நிலங்களைக் கைப்பற்றினார். 1539-இல் லேக்காக் மடமும் மூடப்பட்டது. துறவியர் வெளியேறினர். மறு ஆண்டில் வில்லியம் ஷாரிங்டன் என்பவர் 783 பவுண்டு கொடுத்து அதனை வாங்கினார்.

அவர் முதலில் தேவாலயத்தை இடித்தார். ஆயினும் ஒரு சுவரை மட்டும் விட்டுவைத்தார். தேவாலயத்தின் வடசுவர் நடைக்கூடத்தை ஒட்டி நின்றது. அச்சுவரே அவருடைய வீட்டின் தெற்குப் புறச்சுவராயிற்று. உள்ளே இருந்தவர்களுக்கு வடக்கில் இருந்த சுவர், தேவாலயம் போனபின் வெயிலும் மழையும் தாக்கும் முகப்பாக மாறியது. தேவாலயத்தில் இருந்த எலாவின் கல்லறைக் கல்லை இன்று நடைக்கூடத்தில்தான் காண வேண்டும்.

ஷாரிங்டன் தம் இல்லத்தை மேல்தளத்தில் அமைத்துக்கொண்டார். கீழ்த்தளத்து அறைகளில் அவருக்குப் பெரிய தேவை இல்லை. ஆகவே அவை பெரிதும் மாறாமல் தப்பின. பழமையைப் போற்றியதால் அன்று, தேவையின்மையால் காக்கப்பட்டவை அவை! தென்கிழக்கு மூலையில் அவர் எண்கோணக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். அவருடைய குலச்சின்னமாகிய தேள் அங்கங்கே கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. அச்சின்னம் அவருக்குப் பொருத்தமானதே என்று எனக்குத் தோன்றும். பிரிஸ்டல் நாணயச்சாலையில் பொறுப்பு வகித்த அவர், அங்கே மோசடி செய்ததற்காக 1549-இல் கைதானார், சொத்துகளை இழந்தார். பின்பு மன்னிப்புப் பெற்றுப் பணம் செலுத்தி மாளிகையை மீட்டார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி மகள் ஆலிவ், ஜான் டால்பட் என்பவரை மணந்ததால் மாளிகை டால்பட் குடும்பத்தைச் சேர்ந்தது. தந்தை மணத்துக்கு இசையாதபோது அப்பெண் கட்டடத்தின் உச்சியிலிருந்து காதலரின் கைகளில் குதித்தாள் என்றும், அடிபட்டவர் காதலரே என்றும் ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

1750-களில் இக்குடும்பத்தினர் சாண்டர்சன் மில்லர் என்பவரைக் கொண்டு முன்கூடத்தைப் புதிதாகக் கட்டினர். இங்கே படிப்பவர் விழிப்பாக இருக்க வேண்டும். கூர்மையான வளைவுகளும் குலச்சின்னங்கள் தீட்டிய விதானமும் உடைய அக்கூடத்தைக் கண்டதும், 'மடத்தின் மிகப் பழைய பகுதி இதுவே' என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது ஷாரிங்டனின் கோபுரத்தைவிட இருநூறு ஆண்டுகள் இளையது. பழைய பாணியை விரும்பிய காலத்தில் எழுந்த புதுக் கட்டடம் அது. உண்மையான பழைய வளைவுகள் சில அடி தொலைவில், நடைக்கூடத்தில் அமைதியாக இருக்கின்றன.

1827-இல் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் அங்கே குடியேறினார். தெற்குப் பக்கத்து நீண்ட கூடத்திற்கு வெளிச்சம் வேண்டி, சுவரிலிருந்து வெளியே பிதுங்கி நிற்கும் மூன்று சாளரங்களை அமைத்தார். நாம் கண்ட அதே சுவர்தான்! அறிவியலில் வல்லவரான அவருக்கு ஓவியம் மட்டும் கைவரவில்லை. 1833-இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் வரைய முயன்று தோற்றபோது, 'ஒளியே படத்தை வரைந்தால் என்ன?' என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது. தாளை உப்பு நீரிலும் வெள்ளி நைட்ரேட்டிலும் தோய்த்து, சிறிய மரப் பெட்டிகளினுள் வைத்தார். ஆங்காங்கே வைக்கப்பட்ட அப்பெட்டிகளை அவருடைய மனைவி 'எலிப்பொறிகள்' என்பாராம்.

1835 ஆகஸ்டில் அப்பெட்டி ஒன்று, தெற்குக் கூடத்தின் சாளரத்தை அஞ்சல்தலை அளவுத் தாளில் பதித்தது. வெளிச்சம் பட்ட இடம் கருத்தும், படாத இடம் வெளுத்தும் தெரியும் எதிர்மறைப் படம் அது. இன்று எஞ்சியுள்ள ஒளிப்பட எதிர்மறைகளில் அதுவே மிகப் பழையது. உருப்பெருக்கி கொண்டு நோக்கினால் அச்சாளரத்தின் சிறு கண்ணாடித் துண்டுகளை எண்ணிவிடலாம் என்று டால்பட் குறித்து வைத்தார்.

1944-இல் அவர் வழிவந்த மெட்டில்டா டால்பட், மாளிகையையும் ஊரையும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார். இன்று அக்கூடத்திற்குச் செல்வோர் அதே சாளரத்தின் முன் நின்று தங்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொள்கின்றனர்.

பயிற்சி

1. தேவாலயத்தின் வடசுவர் எவ்வாறு மாளிகையின் தெற்குச் சுவராயிற்று? சிறு வரைபடம் வரைந்து விளக்குக.

2. ஷாரிங்டன் லேக்காக் மடத்தை அழித்தாரா, காத்தாரா? பாடத்திலிருந்து சான்று காட்டி உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.

3. உம் வீட்டிலோ பள்ளியிலோ முன்பு வேறு பயனுக்கு இருந்த ஓர் இடத்தைக் கண்டறிக. அதனை எந்த அடையாளத்தால் அறிந்தாய் என வகுப்பில் எடுத்துரைக்க.