கணினி எங்கே நின்றது? திரையைப் படியுங்கள்!

மாணவர்களே, வீட்டிலுள்ள மேசைக் கணினியின் வன்தட்டு பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதியதை வாங்கி மாட்டியாயிற்று. பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஓர் எச்சரிக்கைதான் வருகிறது. பலர் அதைப் படிக்காமலேயே ஏதாவது ஒரு விசையைத் தட்டிவிடுகிறார்கள். சிலர் புதிய தட்டே கோளாறு என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். உண்மையில் அந்த ஒரு வரியில்தான் விடை இருக்கிறது. கணினி எதுவரை வந்தது, எந்த இடத்தில் நின்றது என்பதை அது சொல்கிறது.

தொடங்கும்போது என்ன நடக்கிறது?

மின்சாரம் கிடைத்ததும் முதலில் ஓடுவது விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கும் நிரல்தான் முதலில் ஓடும். பழைய கணினிகளில் அதன் பெயர் பயோஸ்; புதியவற்றில் யுஇஎஃப்ஐ. அதன் வேலையை நான்கு படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. நினைவகம், விசைப்பலகை போன்ற பாகங்களைச் சோதிக்கும்.
2. எந்தெந்த வன்தட்டுகள் இணைக்கப்பட்டுள்ளன என்று தேடும்.
3. எதிலிருந்து தொடங்குவது என்று தொடக்க வரிசையைப் பார்க்கும்.
4. அந்தத் தட்டிலுள்ள தொடக்க நிரலை ஓடவிட்டு, பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும்.

வன்தட்டை மாற்றிய பிறகு வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இரண்டாம் படியிலோ அதற்குப் பிறகோ எழுபவை. நாம் அடிக்கடி காணும் நான்கை இங்கே பார்ப்போம்.

"டிரைவ் 0 நாட் ஃபவுண்ட்"

இது இரண்டாம் படியில் வரும் எச்சரிக்கை. பூஜ்ஜியம் எண்ணிட்ட சாட்டா துளையில் தட்டு எதுவும் இல்லை என்பது இதன் பொருள். முதலில் எஃப்2 அல்லது டெலிட் விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குள் போங்கள். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும். தொடங்கும்போது திரையின் ஓரத்தில் அது காட்டப்படும். அங்கே புதிய தட்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

பெயரே தெரியவில்லை என்றால் இணைப்பைச் சந்தேகியுங்கள். சாட்டா வன்தட்டுக்கு இரண்டு இணைப்புகள் உண்டு. தரவுக்கானது 7 முனைகள் கொண்ட குறுகிய செருகி. மின்சாரத்துக்கானது 15 முனைகள் கொண்ட அகலமான செருகி. இவற்றில் ஒன்று தளர்ந்திருந்தாலும் தட்டு கணினியின் கண்ணில் படாது.

பெயர் தெரிகிறது, ஆனால் வேறோர் எண்ணுள்ள துளையில் தெரிகிறது என்றால் தட்டில் குறையில்லை. சில கணினிகள் முன்பு எந்தத் துளையில் தட்டு இருந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும். அந்தத் துளை காலியாக இருந்தால், ஒவ்வொரு முறையும் நிறுத்தி எச்சரித்து, எஃப்1 விசையை அழுத்திய பிறகே மேலே போகும். தட்டைப் பழைய துளைக்கே மாற்றுங்கள். இல்லாவிட்டால், அமைப்புத் திரையில் அந்தக் காலித் துளையை முடக்கிவிடுங்கள்.

"நோ பூட்டபிள் டிவைஸ்"

தட்டு இருக்கிறது, ஆனால் அதிலிருந்து தொடங்க முடியவில்லை என்பது இதன் பொருள். புத்தம் புதிய தட்டு ஒரு வெற்று நோட்டுப் புத்தகம் போன்றது. அதில் இயங்குதளத்தை நிறுவும்வரை இந்த எச்சரிக்கை வருவது இயல்பே.

பழைய தட்டை அப்படியே நகலெடுத்து மாட்டிய பிறகும் இது வந்தால், தொடக்க வரிசையில் புதிய தட்டு முதலிடத்தில் உள்ளதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் பகுப்பு முறையைக் கவனியுங்கள். பழைய எம்பிஆர் முறையில் பகுக்கப்பட்ட விண்டோஸ் தட்டு, பயோஸ் முறையில் தொடங்குவதற்காக அமைந்தது. யுஇஎஃப்ஐ முறைக்கு ஜிபிடி பகுப்பு வேண்டும். தட்டு ஒரு முறையிலும் கணினியின் அமைப்பு மற்றொரு முறையிலும் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகா.

எம்பிஆர் முறைக்கு இன்னொரு வரம்பும் உண்டு. அது தட்டின் பகுதிகளை 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. ஒரு பகுதி 512 பைட் என்றால், 2-இன் 32-ஆம் அடுக்கை 512 ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 2.2 டெராபைட் வரும். 4 டெராபைட் தட்டு வாங்கியவருக்கு மீதி இடம் ஏன் பயன்படவில்லை என்பது இப்போது புரிகிறதா?

கடிகாரமும் மாறிவிட்டதா?

எச்சரிக்கையோடு தேதியும் நேரமும் தவறாக இருந்தால், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற மின்கலத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் மின்கலமாக இருக்கும். கணினி சுவரிலுள்ள மின்சாரத்தோடு இணைந்திருக்கும்வரை அது சோர்ந்துபோனது வெளியே தெரியாமல் இருக்கலாம். தட்டை மாற்ற மின்கம்பியைக் கழற்றியதும் கடிகாரம் நின்றுவிடும், அமைப்புகளும் மறந்துபோகலாம். இங்கே மாற்ற வேண்டியது தட்டை அன்று, மின்கலத்தை.

ஸ்மார்ட் எச்சரிக்கை

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே கண்காணிக்கும். படிக்க முடியாமல் போன பகுதிகளுக்குப் பதிலாக எத்தனை மாற்றுப் பகுதிகளைப் பயன்படுத்தியது என்பதையும் குறித்துவைக்கும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஸ்மார்ட் என்று பெயர். புதிய தட்டை மாட்டிய பிறகும் இந்த எச்சரிக்கை வந்தால், செய்தியிலுள்ள துளை எண்ணைப் பாருங்கள். பழைய தட்டும் உள்ளே இணைந்திருந்தால் எச்சரிக்கை அதைப் பற்றியதாக இருக்கலாம். இந்த எச்சரிக்கையை மட்டும் ஒத்திப்போடாதீர்கள். அந்தத் தட்டிலுள்ளவற்றை உடனே வேறிடத்தில் நகலெடுங்கள்.

பழைய தட்டைக் காப்பாற்றுங்கள்

புதிய தட்டை இன்னொரு முறை வாங்கலாம். பழைய தட்டிலுள்ள குடும்பப் படங்களையும் பள்ளி இடுபணிகளையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதைக் கணினியில் இணைக்கும்போது, 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். இயங்குதளத்தை நிறுவும்போது இரண்டு தட்டுகளும் ஒரே நேரத்தில் இணைந்திருக்க வேண்டாம். தவறானதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் அழிந்துவிடும். பழைய தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படலாம்; அதை முன்பே தேடி எடுத்து வையுங்கள். தட்டிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மீண்டும் மீண்டும் ஓடவிடாமல் தரவு மீட்பு அறிந்தவரிடம் கொடுங்கள்.

பெட்டியைத் திறக்கும் முன் மின்கம்பியைக் கழற்றி, பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். எஞ்சிய மின்சாரம் வெளியேறும். பாகங்களைத் தொடும் முன் பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்கும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

தொடக்கப்பள்ளி அறிவியலில் மாறிகளைப் பற்றிப் படித்தது நினைவிருக்கிறதா? ஒரே ஒரு மாறியை மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்தால்தான் விளைவுக்கு எது காரணம் என்று தெரியும். இங்கும் அதே விதிதான். எச்சரிக்கையைக் கைப்பேசியில் படமெடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மறுபடி தொடங்கிப் பாருங்கள். எச்சரிக்கை மாறியிருந்தால் மகிழுங்கள்; கணினி ஒரு படி முன்னேறியிருக்கக்கூடும்.