தோட்டக் கூலியாட்களின் உணவும் ஒரு சென்ட் கீரைப் பாத்தியும்

தொண்டாமுத்தூர் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து தக்காளி, சின்ன வெங்காயம், வாழை முதலியன கோவை நகருக்குச் செல்லுகின்றமை யாவரும் அறிந்ததே. அவற்றைப் பறித்து மூட்டை கட்டும் கூலியாட்களின் வீட்டு உணவைப் பற்றி நிலமுடையோர் சிறிது சிந்தித்தல் வேண்டும்.

2011 ஜூன் முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகின்றது. இதனால் பசி தணியும். ஆனால் தீட்டிய அரிசியில் இரும்புச் சத்தும் ஜீவசத்துக்களும் குறைவு. 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்த சோகையுடையோர். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் தரகரின்றிக் காய்கறி விற்க வழி செய்தன. எனினும், காலையிலேயே களை வெட்டச் செல்லும் பெண்டிர் நகரச் சந்தைக்குப் போய் வாங்குதல் எளிதன்று. ஆகையால் கீரையும் காயும் அவர்கள் வேலை செய்யும் தோட்டத்திலேயே கிடைக்கச் செய்வது நலம்.

ஏக்கரா ஒன்றுக்கு 1 சென்ட் நிலம் ஒதுக்கினால் போதும். செய்யும் முறை பின்வருமாறு:

1. கிணற்றருகே பாத்தி அமைத்து மக்கிய தொழுவுரம் இடுக. 10 கிராம் தண்டுக்கீரை விதையை மணலுடன் கலந்து தூவுக. சுமார் 25 நாட்களில் பிடுங்கலாம். நிலத்தை இரண்டாகப் பிரித்துப் பதினைந்து நாள் இடைவெளியில் விதைத்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும்.

2. வாய்க்கால் ஓரத்தில் நீர் தேங்காத இடத்தில் செடி முருங்கை ஊன்றுக. இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகித் தழை மிகும்.

3. வேலியில் அவரையை ஆடிப் பட்டத்தில் ஏற்றுக.

4. பூச்சி மருந்து அடிக்கும் பயிருக்கு அருகிலும் காற்று வீசும் திசையிலும் இப்பாத்தியை அமைத்தல் கூடாது. மருந்து பட்ட கீரையை எவருக்கும் கொடுத்தல் தகாது.

கீரையுணவில் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உணவுடனோ உண்டவுடனோ தேநீர் அருந்தினால் அது குறையும். கீரை ஒன்றே சோகைக்கு மருந்தாகாது. தளர்ச்சியும் மூச்சிரைப்பும் உடையோரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் அவசியம்.

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் அங்கன்வாடி, பள்ளிக்கூட வளாகங்களில் முருங்கையும் பப்பாளியும் வளர்க்க ஊக்கமளிக்கலாம். சத்துணவுக் கூடத்தில் காய் கழுவிய நீரே அவற்றிற்குப் பெரிதும் உதவும்.

பாத்தியில் விளைவதைக் கூலியில் கழிக்காமல், வாரம் இருமுறை கூலியாட்களே பறித்துச் செல்ல விடுதல் வேண்டும். நூற்றில் ஒரு பங்கு நிலத்தால் மகசூல் கணக்கில் பெரிய குறைவு நேராது. வேலையாட்கள் உடல் நலத்துடன் இருப்பது தோட்டத்திற்கும் நன்மையே. வரும் பட்டத்திலேயே தொடங்குவீர்களாக.