உயரம் குறைந்த சுமைவண்டியும் பின்புற ஷாக் அப்சார்பரும்

நம் கிராமங்களில் விளையும் தக்காளியும் வாழைத்தாரும், பால் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செல்லும் பாலும் ஒரு காலத்தில் மாட்டு வண்டியில் சென்றன. இன்று அவ்வேலையைப் பெரும்பாலும் சிறிய சுமைவண்டிகளே செய்து வருகின்றன. உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் கடன் பெற்று இவற்றை வாங்குவதுண்டு. புதிய வண்டிக்குப் பணம் போதாதவிடத்துப் பிறர் ஓட்டிய வண்டியை வாங்குகின்றனர். அவ்வாறு வாங்கும் வண்டிகளுள் சிலவற்றின் பின்புறம் முன்னரே உயரம் குறைந்திருக்கும். நாற்பது லிட்டர் பால்கேன் ஒன்று நிறைந்த நிலையில் நாற்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதைத் தூக்கி ஏற்றுவது எளிதாகட்டும் என்று உயரத்தைக் குறைப்போரும் உளர். அத்தகைய வண்டிக்கு ஷாக் அப்சார்பரை எவ்வாறு தேர்ந்து பொருத்துவது என்பதை இங்கு ஆராய்வோம்.

இரண்டு உறுப்புகள், இரண்டு வேலைகள்

வண்டியின் பின் அச்சோடு இணைந்து அடுக்காக அமைந்த எஃகுத் தகடுகளைக் கமான் பட்டை என்கிறோம். ஏறும் பாரத்துக்கு ஏற்ப அது வளைந்து கொடுக்கிறது. இந்த விகிதத்தை 1678இல் நூலாக வெளியிட்டவர் இங்கிலாந்து அறிஞர் ராபர்ட் ஹூக். ஆனால் வளைந்த பட்டை நிமிரும்போது ஒரே தடவையில் நின்றுவிடுவதில்லை. ஊஞ்சலைப்போல் மேலும் கீழும் ஆடும். அவ்வாட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. அதன் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய், சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளப்படுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது.

ஆகவே, பாரத்தைத் தாங்குவது பட்டை. ஆட்டத்தை அடக்குவது ஷாக். கனமான ஷாக் போட்டால் தாழ்ந்த வண்டி நிமிர்ந்துவிடும் என்று எண்ணுவது வீண்.

உயரம் குறைவது எவ்வாறு?

மூன்று வழிகளில் உயரம் குறைகிறது. முதலாவது, பல ஆண்டுகள் அதிகப் பாரம் ஏற்றியதால் பட்டை தளர்ந்து படிந்துவிடுவது. இரண்டாவது, அடுக்கிலிருந்து ஒரு தகட்டைக் கழற்றிவிடுவது. மூன்றாவது, பட்டை அச்சின் அடியில் அமைந்த வண்டியில், அச்சுக்கும் அதன் அடியில் உள்ள பட்டைக்கும் இடையே இரும்புக் கட்டை ஒன்றை நுழைப்பது. இவற்றுள் எது நடந்துள்ளது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். ஷாக்கின் அளவு அதைப் பொறுத்தே அமையும்.

ஓர் அளவுக் கணக்கு

ஓர் உதாரணம் கொள்வோம். ஷாக் செங்குத்தாக நிற்கிறது. முழுதும் மூடிய நிலையில் அதன் நீளம் 33 செ.மீ.; முழுதும் நீண்டால் 51 செ.மீ. பழைய உயரத்தில் வண்டி நிற்கையில் 43 செ.மீ. சட்டத்தின் அடியில் உள்ள ரப்பர் தடுப்பு 7 செ.மீ. இறங்கியதும் முட்டுகிறது, அப்போது ஷாக்கின் நீளம் 36 செ.மீ. ரப்பர் மேலும் 2 செ.மீ. நசுங்கினாலும் 34 செ.மீ.; மிச்சம் 1 செ.மீ. உண்டு. அந்த மிச்சமே ஷாக்கின் உயிர்.

பட்டை படிந்தோ, தகடு கழற்றியோ 4 செ.மீ. தாழ்ந்தது என்க. ரப்பர் முட்டுமிடம் மாறவில்லை. அங்கு ஷாக்கின் நீளம் முன்போலவே 36 செ.மீ. ஆகவே பழைய ஷாக்குக்கு ஆபத்தில்லை. ஆனால் இறங்கும் இடைவெளி 3 செ.மீ. மட்டுமே, சிறு பள்ளத்திலும் வண்டி இடிக்கும். அவ்விடிக்குப் பயந்து ரப்பரை வெட்டியெறிவோர் உண்டு. வெட்டினால், அதன்பின் ஷாக்கே தடுப்பாகிறது. உள்ளே இரும்போடு இரும்பு மோதிச் சில வாரங்களில் எண்ணெய் கசியும். பிடிப்புக் காதும் ஒடியலாம்.

கட்டை நுழைத்த வண்டியில் கணக்கு வேறு. ரப்பர் பட்டையின்மேல் முட்டும் அமைப்பாயின், 7 செ.மீ. இடைவெளி குறையாது. ஆனால் அச்சு சட்டத்துக்கு 4 செ.மீ. நெருங்கிவிட்டது, ரப்பர் முட்டும்போது ஷாக்கின் நீளம் 32 செ.மீ. ஆக வேண்டும். 33இல் மூடிவிடும் ஷாக் 32 ஆவது எங்ஙனம்? ரப்பர் முட்டுவதற்கு முன்னரே ஷாக் இடித்துவிடும். இங்குக் குட்டையான ஷாக் கட்டாயம் தேவை. ரப்பர் நசுங்கும் 2 செ.மீ., மிச்சம் 1 செ.மீ. போக, மூடிய நீளம் 29 செ.மீ.க்கு மிகலாகாது. சக்கரம் தொங்கும்போது பழைய நீளம் 48 செ.மீ. என்றால் இப்போது 44 செ.மீ.; எனவே புதிய ஷாக் 45 செ.மீ.யாவது நீள வேண்டும். குட்டையாக மட்டும் பார்த்து வாங்கினால், தொங்கும் அச்சின் பாரம் முழுவதும் ஷாக்கின்மேல் விழும்.

அளக்கும் முறையும் பொருத்தும் முறையும்

1. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு அடைகல் கொடுக்க வேண்டும். ஷாக்கின் இரு காதுகளின் நடுவிலிருந்து நடுவரை நீளத்தையும், ரப்பர் தடுப்பின் இடைவெளியையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

2. சட்டத்தைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது மீண்டும் அளக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின்கீழ் புகலாகாது. உறுதியான முட்டுக் கொடுத்த பின்னரே புக வேண்டும்.

3. இருபுறமும் ஒரே வகை ஷாக்குகளை இணையாகவே மாற்ற வேண்டும்.

4. காதுகளில் உள்ள ரப்பர் புஷ் முறுகாதிருக்க, வண்டியைத் தரையில் இறக்கிப் பாரம் சக்கரத்தில் விழுந்த பிறகே போல்ட்டுகளை இறுக்கி முடிக்க வேண்டும்.

5. கட்டை உள்ள வண்டியில் யு போல்ட்டுகளைச் சில நாள் ஓட்டத்துக்குப்பின் மறுபடியும் இறுக்க வேண்டும். மரக்கட்டை வைப்பதும் கட்டையின்மேல் கட்டை அடுக்குவதும் உயிருக்கே உலை வைக்கும்.

படிந்த பட்டையை உலையில் காய்ச்சி வளைத்துத் தரும்படி கொல்லரிடம் கொடுப்பதும் தவறு. பழைய கமான் பட்டையில் நல்ல அரிவாள் அடிக்கும் கைவல்லவர்தாம் அவர். ஆயினும் காய்ச்சிய எஃகுக்கு முறையான பதம் மீண்டும் ஏற்றாவிடில், பட்டை விரைவில் படியும் அல்லது முறியும்.

ஷாக்கோடு முடிவதில்லை

சில வண்டிகளில் பின் பிரேக்கின் அழுத்தத்தைப் பாரத்துக்கேற்ப மாற்றும் வால்வு ஒன்று அச்சோடு இணைக்கப்பட்டிருக்கும். உயரம் குறைந்தால், வெறும் வண்டியையும் பாரம் ஏற்றிய வண்டி என்று அது கொள்ளும்; மழை நாளில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். பின்புறம் தாழ, முன் விளக்கின் ஒளி மேலெழுந்து எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். இவ்விரண்டையும் சரிபார்த்தல் இன்றியமையாதது.

மேலும், உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆதலின் உயரம் குறைந்த வண்டியை வாங்கும் குழுவினர், அதை மூல உயரத்துக்கே மீட்பது சாலச் சிறந்தது. கட்டையை நீக்கி, படிந்த பட்டைகளை இருபுறமும் புதிதாக மாற்றி, உற்பத்தியாளர் குறித்த ஷாக்கையே பொருத்தினால் மேற்சொன்ன இடர்கள் நீங்கும். பால்கேன் ஏற்றும் சிரமத்துக்குச் சங்கத்தின் வாயிலில் வண்டியின் தளமட்டத்துக்கு ஒரு மேடை கட்டுவதே தக்க வழி.

வண்டியை விலைபேசும் முன் குழுவினர் ஓர் அளவு நாடாவுடன் சென்று, ரப்பர் தடுப்பு வெட்டப்பட்டுள்ளதா, அச்சுக்கும் பட்டைக்கும் இடையே கட்டை உள்ளதா, ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா என மூன்றையும் பார்ப்பாராக. கடனாகப் பெற்ற பணமும், வண்டியில் ஏறும் விளைபொருளும், ஓட்டுபவரின் உயிரும் இச்சிறு சோதனையால் காக்கப்படும்.