தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?

2014 ஜூன் மாதம் மேற்கு மாம்பலத்தில் வீட்டைக் காலி செய்தபோது என் மகளுக்கு நான்கு வயது, மகன் கைக்குழந்தை. ஒற்றைப் படுக்கையறை வீட்டில் அத்தையும் சேர்த்து ஐந்து பேர் இருந்தோம். கொஞ்சம் காற்றோட்டமாக, பிள்ளைகள் ஓடி விளையாட வாசலோடு ஒரு வீடு வேண்டும் என்று தேடி, முடிச்சூர் பக்கம் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனுக்குக் குடிபோனோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தோம், அன்று மாலையே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். வாசலில் வேப்பமரம், பின்பக்கம் துவைக்கிற கல், கிணறு. அந்த வெயிலிலும் கிணற்றில் எட்டிப் பிடிக்கிற ஆழத்தில் தண்ணீர் கிடந்ததைப் பார்த்து அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். கோடையிலேயே இவ்வளவு மேலே தண்ணீர் நிற்கிற மண், ஐப்பசி கார்த்திகையில் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் பதில் வந்தது. 2015 டிசம்பர் 1 காலையில் பிடித்த மழை மறுநாள் காலைவரை விடவில்லை. தாம்பரத்தில் மட்டும் அந்த ஒரு நாளில் 49 சென்டிமீட்டர். வாசல் வழியாகத்தான் வரும் என்று நிலைப்படியில் மணல் மூட்டை அடுக்கியிருந்தோம். இரவு பதினோரு மணிக்குக் குளியலறைச் சாக்கடைத் துவாரத்தில் இருந்து தண்ணீர் கொப்பளித்து மேலே வந்தது. ஹாலுக்கு வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடியில் வீட்டுக்காரரிடம் ஓடினோம். விடிந்து பார்த்தபோது கேஸ் சிலிண்டர் மிதந்துகொண்டிருந்தது. இரண்டாம் நாள்தான் படகு வந்தது. அத்தையைப் படகில் இறக்கும்போது அவர் கையில் இருந்தது மருந்துப் பையும் மாமாவின் போட்டோவும் மட்டும்.

ரொம்ப நாள் நானும் எல்லாரையும் போலச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் எங்கள் வீடு முழுகியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், ரயில் சிநேகிதம்தான், ஒருநாள் பேப்பரில் அடையாற்றை வரைந்து காட்டினார். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. எங்களை முழுக வைத்தது ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து வந்த தண்ணீர். அந்தப் பேப்பரை இன்னும் வைத்திருக்கிறேன். புறநகரில் வீடு பார்க்கிறவர் மெட்ரோ எங்கே வரப்போகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், மேலே எந்த ஏரி, கீழே எந்த ஏரி, நடுவில் தண்ணீர் போகிற வழி எது என்று பார்க்க வேண்டும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் சீமையே ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்த மண். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போகும். அந்த வழியில் ஒரு நகரைப் போட்டுவிட்டால், தண்ணீர் நகரின் வழியாகப் போகும்.

பெயர்களே பாதி சொல்லிவிடும். தாங்கல் என்றால் சின்ன ஏரி. ஏரிக்கரைத் தெரு, கலங்கல், மதகு, மடை என்று ஒரு தெருப் பெயரில் வந்தால் நின்று விசாரியுங்கள். விற்பனை விளம்பரத்தில் 'லேக் வியூ' என்று இருந்தால் இன்னும் நன்றாக விசாரியுங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் கிராமம், சர்வே எண் கொடுத்தால் நிலத்தின் வகைப்பாடு, புலப்படம் எல்லாம் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். உங்கள் மனையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், நான்கு பக்கமும் அடுத்த சர்வே எண்களையும் போட்டுப் பாருங்கள். பக்கத்து எண் ஓடை என்றோ வாய்க்கால் என்றோ வந்து, நேரில் அங்கே ஒரு ரோடு இருந்தால், அந்த ரோடுதான் டிசம்பரில் வாய்க்கால்.

அடுத்து, தெருவின் உயரம். இதை நான் யார் சொல்லியும் கற்கவில்லை, நடந்து நடந்து கண்ணால் கற்றது. நம் ஊரில் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுக்கொண்டு போன காலம் உண்டு. இருபது வருஷத்து வீடுகளில் வாசற்படி ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். கேட்டைத் திறந்து இரண்டு படி கீழே போகிற வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அதேபோல ஒரு தெருவில் இரண்டு மூன்று வீடுகளை ஜாக்கி வைத்து உயர்த்தியிருந்தால், அந்த வீட்டுக்காரர்கள் லட்சக்கணக்கில் செலவழித்து உங்களுக்கு ஒரு செய்தி சொல்லியிருக்கிறார்கள். கரண்ட் மீட்டர் பெட்டியைப் பாருங்கள். தெரு முழுக்க நெஞ்சு உயரத்துக்கு மேலே ஏற்றி மாட்டியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். காம்பவுண்டு சுவரில் புதுப் பெயின்ட் கீழ்ப்பாதியில் மட்டும் இருந்தாலும் அப்படித்தான்.

யாரிடம் கேட்பது என்பதிலும் அனுபவம் இருக்கிறது. புரோக்கரிடம் கேட்டால், "மேடம், இந்த ஏரியாவுலயே இதுதான் மேடு" என்பார். நாங்கள் பார்த்த ஒன்பது இடங்களிலும் அதுதான் மேடு. வீட்டை விற்கிறவரும் சொல்ல மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. தெருமுனையில் வண்டி போட்டிருக்கிற இஸ்திரிக்காரர், மாவு மில்காரர், பால் பூத், ஆட்டோ ஸ்டாண்டு, இவர்கள் சொல்வார்கள். ஆனால் "இங்க தண்ணி வருமா?" என்று கேட்டால், "அதெல்லாம் வராதுங்க" என்றுதான் பதில் வரும். சொந்த ஊரை யாரும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் இஸ்திரிக்கார அண்ணனிடம் அப்படித்தான் கேட்டேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முட்டிக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். "அந்தக் கல்வெர்ட்டு வரைக்கும் இவ்ளோக்கா. அதுக்கு இந்தாண்ட ஏறல. மறுநாள் சாயங்காலமே வடிஞ்சிருச்சு." எத்தனை அடி, எந்த இடம், எத்தனை நாளில் வடிந்தது, மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

வடிவதுதான் முக்கியம். நம் ஊரில் மழை பெய்தால் தண்ணீர் நிற்காத தெரு என்று அபூர்வமாகத்தான் உண்டு. இரண்டு மணி நேரத்தில் வடிகிறதா, இரண்டு நாள் ஆகிறதா, ஒரு வாரம் நின்று கழிவுநீரோடு கலக்கிறதா என்பதில்தான் பிள்ளைகளின் ஆரோக்கியம் இருக்கிறது.

2016 பிப்ரவரியில் சேலையூர் பக்கம் வாடகைக்குப் போனோம். வாங்குவதில்லை, இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டுத்தான் வாங்குவது என்று என் கணவர் உறுதியாக இருந்தார். உறவுக்காரர்கள் எல்லாரும் வாடகை வீண் என்றார்கள். அந்த இரண்டு வருஷ வாடகையை இன்றும் எங்கள் குடும்பம் செய்த நல்ல செலவு என்றே நினைக்கிறேன். முதல் வருஷமே டிசம்பர் 12-ல் வர்தா புயல். மரங்கள் விழுந்து, மின்கம்பங்கள் சாய்ந்து, எந்தத் தெருவுக்கு எத்தனை நாளில் கரண்ட் வந்தது என்று கண்ணெதிரே பார்த்தோம். குடித்தனம் இருந்து பார்த்தால்தான் இதெல்லாம் தெரியும்.

கோடையில் தெரிவது வேறு. போர் தண்ணீர். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால். பல்லாவரம், நாகல்கேணி பக்கம் தோல் பதனிடும் ஆலைகள் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். வீடு பார்க்கப் போகும்போது ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்துவிடுங்கள். சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. குடிநீருக்கு 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை என்பது இந்தியத் தரநிலை. மீட்டர் இல்லாவிட்டாலும் குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கிறதா, பக்கெட் அடி மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நான் ஒரு பாட்டில் தண்ணீரை இரவு முழுக்க மூடாமல் வைத்துவிடுவேன். பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது, காலையில் துருநிறமாக மாறி அடியில் படிந்திருந்தால் இரும்புச் சத்து. யூனிபார்ம் சட்டை இரண்டு மாதத்தில் பழுப்பாகிவிடும்.

அடுக்குமாடி என்றால் செயலாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. போன மே மாதம் எத்தனை தண்ணீர் லாரி வாங்கினீர்கள்? கழிவுநீர் லாரி எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது? பாதாளச் சாக்கடை இன்னும் வராத தெருக்கள் தாம்பரம் மாநகராட்சியில் நிறைய உண்டு. 2021-ல் நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர்ப்பலகை ஒரு நாளில் மாறிவிடும், குழாய் பதிக்கத்தான் வருஷங்கள் ஆகும். 2019 கோடையில் சென்னையே குடத்தோடு அலைந்தபோது, இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் வாங்கிய என் தோழியின் பராமரிப்புக் கட்டணம் வீட்டுக் கடன் தவணையில் கால்வாசி அளவுக்குப் போய்விட்டது.

பயணத்தைப் பற்றி. எனக்கு எழும்பூரில் வேலை. கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் இருந்து ஓடுகிறது, இந்தப் புறநகர்கள் வளர்ந்ததே அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான். ரயிலில் ஏறிவிட்டால் நேரம் கணக்காகச் சொல்லலாம். வீட்டில் இருந்து ஸ்டேஷன் வரும் மூன்று கிலோமீட்டர்தான் கணக்கில் அடங்காதது. கேம்ப் ரோடு சிக்னலில் காலை எட்டரைக்கு ஒருநாள் நின்று பார்த்தால் புரியும். ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகம் போகிற அதே நேரத்தில், வாங்கப் போகிற வீட்டு வாசலில் இருந்து கிளம்பிப் போய்ப் பாருங்கள். திரும்பி வருவதையும் பாருங்கள். நான் இரவு ஒன்பது மணிக்கு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, தெருமுனையில் இருந்து தனியாக நடந்து பார்த்தேன். எத்தனை விளக்கு எரிகிறது, எந்தக் கடை திறந்திருக்கிறது, நாய்கள் எங்கே படுத்திருக்கின்றன என்று. ஒன்பது மணிக்குத் திறந்திருக்கிற ஒரு மருந்துக்கடை, வளர்கிற பெண்பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் பெரிய துணை.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை, பெயரைவிடத் தூரம் பெரிது என்பது என் தீர்மானமான கருத்து. பெயர் பெற்ற பள்ளி ஒன்றில் சேர்த்து, ஆறு ஐம்பதுக்கு வேன் ஏற்றிவிட்ட ஒரு வருஷம் எங்களுக்கு உண்டு. காலைச் சாப்பாட்டை டப்பாவில் கொடுத்தனுப்புவோம், பாதி திரும்பி வரும். மாலை நாலரைக்கு வரவேண்டிய பிள்ளை ஐந்தரைக்கு வந்து, ஷூவைக் கழற்றாமலே சோபாவில் தூங்கிவிடும். அடுத்த வருஷம் நடந்து போகிற தூரத்தில் உள்ள பள்ளிக்கு மாற்றினோம். மகள் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாள், மாலையில் தெருவில் விளையாட ஆரம்பித்தாள். தெருவில் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்ததே அதற்குப் பிறகுதான்.

பத்திர விஷயங்களை எல்லாரும் சொல்வார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தாய்ப்பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா, திட்ட அனுமதி வரைபடம், அடுக்குமாடி என்றால் பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்ற கணக்கு. இவற்றை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். பேங்க் லோன் கொடுத்துவிட்டது, அதனால் எல்லாம் சரியாக இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். அனுமதி வரைபடத்தில் இரண்டு மாடி, நேரில் மூன்று மாடி என்று எங்களுக்கே ஒருவர் காட்டினார். கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் சார் கட்டறாங்க" என்றார். எழுந்து வந்துவிட்டோம்.

2018 ஆவணியில் வாங்கினோம். அந்த இஸ்திரிக்கார அண்ணன் காட்டிய கல்வெர்ட்டுக்கு இந்தப் பக்கம். ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் பக்கத்துத் தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்குப் போய், அங்கிருந்து நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் நோக்கிப் போகிறது என்பது இப்போது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூரில் மறுபடியும் தண்ணீர். பழைய வீட்டுக்காரர் குடும்பத்தை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னோம், நான்கு நாள் இருந்தார்கள்.

போன ஐப்பசியில், தூறல் நேரத்தில், ஒரு கணவனும் மனைவியும் வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் கேட் பக்கம் வந்தார்கள். அந்தப் பெண்ணின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தெருக்கோடி வீடு விலைக்கு வந்திருக்கிறது. "அக்கா, இங்க மழையில தண்ணி வருமா?" என்று கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு கல்வெர்ட்டு வரை நடந்தேன். மிக்ஜாமில் நின்ற இடத்தைக் காட்டினேன். அவர்கள் பார்க்க வந்த வீடு கல்வெர்ட்டுக்கு அந்தப் பக்கம், ரோட்டில் இருந்து ஒரு படி இறக்கம். அதையும் சொன்னேன். அவர் போனில் குறித்துக்கொண்டார். அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "போர் தண்ணி எப்படிக்கா?" என்றாள். "வா, பாட்டில் தரேன், பிடிச்சிட்டுப் போ" என்று வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.