பிரேக்கை முதலில் தட்டியது யார்?

கேள்வி: கலிஃபோர்னியாவின் சான் ரமோனில் குடும்பத்தோடு இருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கான்கார்ட் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு 680 ஃப்ரீவேயில் தெற்கே திரும்பிக்கொண்டிருந்தோம். மனைவி, மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் எல்லாரும் காரில் இருந்தார்கள். எக்ஸ்பிரஸ் லேனுக்கு அடுத்த லேனில் சரியாக 65 மைல் வேகத்தில் போனேன். டேன்வில் தாண்டும்போது ஒரு பிக்கப் டிரக் பம்பரை ஒட்டிக்கொண்டு வந்து ஹை பீம் அடித்தது. எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று இரண்டு முறை பிரேக்கைத் தட்டினேன். அவன் வலது பக்கமாக ஏறி, என் முன்னால் வெட்டி நுழைந்து, ஓங்கி பிரேக் போட்டான். மயிரிழையில் தப்பினோம். கோபம் தாங்காமல் நானும் ஹாரன் அடித்தபடி அவன் பக்கத்தில் போய்க் கையைக் காட்டினேன். பாலிங்கர் கேன்யன் எக்சிட்டில் இறங்கினேன், பின்னாலேயே வந்தான். சிக்னலில் வண்டியை விட்டு இறங்கி என் கண்ணாடியைத் தட்டிக் கத்திவிட்டுப் போனான். காருக்குச் சேதம் இல்லை. டேஷ்கேமில் எல்லாம் இருக்கிறது. "போலீஸ் கண்ணால் பார்க்காததற்கு ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்கிறார்கள் நண்பர்கள். அது உண்மையா? நம்பர் பிளேட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாமா? வீடியோவை எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமா? எச்1பி-யில் இருக்கிறேன், கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறேன்; புகார் கொடுத்தால் எனக்கு ஏதும் வருமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சான் ரமோன்

பதில்: அவன் செய்தது குற்றம். அதில் சந்தேகமே வேண்டாம். பம்பரை ஒட்டி வந்தது வாகனச் சட்டம் 21703-ன் கீழ் வரும். வெட்டி நுழைந்து பிரேக் அடித்தது 23103-ன் கீழ், மற்றவர் உயிரைப் பற்றிய கவலையே இல்லாமல் வண்டி ஓட்டிய குற்றமாக வரும். அதற்கு 5 நாள் முதல் 90 நாள் வரை கவுண்ட்டி ஜெயில், அல்லது 145 முதல் 1,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸில் 2 பாயின்ட் ஏறும். காரை ஆயுதமாகவே பயன்படுத்தினான் என்று நிரூபிக்க முடிந்தால் தண்டனைச் சட்டம் 245-க்குப் போய்விடும். அதில் 4 ஆண்டு வரை சிறை உண்டு. அப்படித் தண்டிக்கப்பட்டவரின் லைசென்ஸை முதல் தடவையே 6 மாதம் நிறுத்திவைக்க கோர்ட்டுக்கு அதிகாரம் தரும் தனிப் பிரிவும் (13210) கலிஃபோர்னியாவில் இருக்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த இடம் அவனைப் பற்றியது இல்லை. "சரியாக 65 மைல் வேகத்தில் போனேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது.

நம்மவர்களில் பாதிப் பேருக்கு இந்த நம்பிக்கை உண்டு: லிமிட்டில் போகிறேன், எந்த லேனில் போனாலும் என் உரிமை. அப்படி இல்லை. 21654-வது பிரிவு, அந்த நேரத்தில் அந்தச் சாலையில் போய்க்கொண்டிருக்கும் சாதாரண வேகத்தைவிடக் குறைவாகப் போகிற வண்டி வலது ஓரத்துக்குப் போக வேண்டும் என்கிறது. போர்டில் போட்டிருக்கும் வேகம் எதுவாக இருந்தாலும் என்று சேர்த்தே சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் 680-ல் இடது பக்கம் எத்தனை மைலில் ஓடுகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்காக 80-ல் போங்கள் என்று சொல்லவில்லை. வலது பக்கம் ஒதுங்கியிருக்கலாம் என்கிறேன். வேகத்தைக் கண்காணிக்கும் வேலை ஹைவே பேட்ரோலுக்குத்தான், பின்னால் வருபவனுக்குப் பாடம் நடத்தும் பொறுப்பை யாரும் நமக்குத் தரவில்லை.

அடுத்தது பிரேக். நீங்கள் தட்டினால் அது எச்சரிக்கை, அவன் போட்டால் அது கொலைமுயற்சி என்று உங்கள் கடிதம் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே அளவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனுடைய வக்கீல் வீடியோவை எங்கிருந்து ஓட்டிக் காட்டுவார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் பிரேக் லைட்டிலிருந்துதான். அதன்பிறகு நீங்கள் ஹாரன் அடித்தபடி லேன் மாறி அவன் பக்கத்தில் போனது வேறு இருக்கிறது. டேஷ்கேம் ஜிபிஎஸ் உள்ளதாக இருந்தால் அந்த நிமிடம் உங்கள் வேகம் என்ன என்பதும் திரையின் மூலையில் இருக்கும். 65 இருக்காது என்பது என் ஊகம். பக்கத்தில் போகாமல் அப்படியே பின்தங்கியிருந்தால் இந்த வழக்கில் நீங்கள் வெறும் சாட்சி. போனதால் சண்டையில் பாதி உங்களுடையதாகிவிட்டது.

அன்று மோதியிருந்தால் இதற்கு டாலர் கணக்கே போட்டிருப்பார்கள். 1975-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் லீ எதிர் யெல்லோ கேப் வழக்கில் வைத்த விதி இன்றும் நடப்பில் இருக்கிறது: யார்மேல் எத்தனை சதவீதம் தப்போ, அத்தனை சதவீதம் அவருடைய நஷ்டஈட்டில் கழியும்.

இன்ஷூரன்ஸில் இன்னும் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன, பலருக்குத் தெரியாது. ஒருவன் வேண்டுமென்றே இடித்தான் என்று முடிவானால், அவனுடைய கம்பெனி பணம் தர வேண்டியதில்லை. வேண்டுமென்று செய்த செயலுக்குக் காப்பீடு கிடையாது என்பது இன்ஷூரன்ஸ் சட்டம் 533. அதாவது "அவன் வேணும்னேதான் இடிச்சான்" என்று நீங்கள் அடித்துச் சொல்லச் சொல்ல, உங்களுக்கு வர வேண்டிய காசு தூரப் போகலாம். இரண்டாவது, அவன் வெட்டியதால் நீங்கள் திருப்பி தடுப்புச் சுவரில் மோதி, அவன் நிற்காமல் போய்விட்டான் என்று வையுங்கள். அடையாளம் தெரியாத வண்டியால் வந்த காயத்துக்கு உங்கள் பாலிசியிலேயே கேட்கலாம்தான். ஆனால் அந்த வண்டி உங்கள் காரைத் தொட்டிருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவாகியிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. தொடாமல் உங்களைச் சுவருக்குத் தள்ளியவன் அந்தப் பிரிவுக்குப் பேய் மாதிரி. டேஷ்கேமில் பிளேட் நம்பர் விழுந்தால்தான் அவனுக்கு உருவம் வரும்.

இனி போலீஸ். ஊரில் என்றால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, முன்பு ஐபிசி 279, இப்போது பிஎன்எஸ் 281 என்று ஒரு எஃப்ஐஆர் போடச் சொல்லிப் பழகியவர்கள் நாம். இங்கே சிறு குற்றங்களுக்கு, அதிகாரி தன் முன்னால் நடக்காததற்கு வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது என்பது பொது விதி. நண்பர்கள் சொன்னதில் உள்ள உண்மை அவ்வளவுதான். ரிப்போர்ட் எழுதக் கூடாது என்றோ, வீடியோவைப் பார்த்து மாவட்ட வழக்கறிஞர் வழக்குப் போடக் கூடாது என்றோ எந்தச் சட்டமும் இல்லை. இந்த வகைச் சிறு குற்றத்துக்கு ஓராண்டு கெடு உண்டு.

உங்கள் சம்பவம் இரண்டு எல்லையில் நடந்திருக்கிறது. 680-ல் நடந்தது ஹைவே பேட்ரோலுக்கு. பாலிங்கர் கேன்யன் சிக்னலில் இறங்கிவந்து கண்ணாடியைத் தட்டியது சான் ரமோன் நகரப் போலீசுக்கு. கத்தும்போது என்ன சொன்னான் என்பது முக்கியம். கொன்றுவிடுவேன் என்ற மாதிரி ஏதாவது இருந்தால் மிரட்டல் குற்றம் தனியாக நிற்கும். இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் கொடுங்கள்.

ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் மறுநாள் புகாரைவிட அந்த நிமிட அழைப்புக்குத்தான் பலம் அதிகம். 2008 ஆகஸ்டில் மெண்டசினோ கவுண்ட்டியில் ஹைவே 1-ல் ஒருவர் 911-க்குக் கூப்பிட்டார்: வெள்ளி நிற ஃபோர்டு எஃப்-150, பிளேட் நம்பர் இது, என்னைச் சாலையை விட்டு வெளியே தள்ளிவிட்டுப் போகிறது, இந்தத் திசையில், இந்த மைல்கல்லில். அவ்வளவுதான். ஹைவே பேட்ரோல் அந்த டிரக்கைக் கண்டுபிடித்து ஏறக்குறைய 5 நிமிடம் பின்தொடர்ந்தது. ஓட்டுவதில் ஒரு தப்பும் தென்படவில்லை. இருந்தும் நிறுத்தினார்கள். பின்னால் 30 பவுண்ட் கஞ்சா. "முகம் தெரியாத ஒருவர் சொன்னதை நம்பி எப்படி நிறுத்தலாம்?" என்று வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014-ல் நவரெட் எதிர் கலிஃபோர்னியா தீர்ப்பில் 5-க்கு 4 என்ற கணக்கில், நிறுத்தியது சரிதான் என்றார்கள். நேரில் பார்த்தவர், பார்த்த கையோடு, வண்டியின் அடையாளத்தோடு சொன்னதால் அந்த அழைப்பு நிற்கும் என்பது பெரும்பான்மையின் வாதம். நீதிபதி ஸ்காலியா காரசாரமாக மறுத்து எழுதினார். படிக்கச் சுவையாக இருக்கும், ஆனால் தோற்ற பக்கம்.

உங்கள் காரில் அன்று மனைவி இருந்தார். அவர் போனை எடுத்து 911-ல் நிறம், பிளேட், எந்த எக்சிட் தாண்டுகிறது என்று மூன்றே தகவல் சொல்லியிருக்கலாம். நீங்கள் கையில் போனை எடுக்கக் கூடாது. மேப் பார்க்க எடுத்தாலும் தப்பு என்று 2025 ஜூனில்தான் ஓர் அப்பீல் தீர்ப்பு வந்தது. இன்னொன்று, பின்தொடர்கிறான் என்று தெரிந்தால் வீட்டுப் பக்கம் திரும்பாதீர்கள். குரோ கேன்யன் ரோட்டில் போலீஸ் நிலையம் இருக்கிறது. நேராக அங்கே போங்கள்.

பிளேட் நம்பரை வைத்து நீங்களாகப் பெயரும் விலாசமும் வாங்க முடியாது. 1989-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ரெபெக்கா ஷேஃபர் என்ற நடிகையின் விலாசத்தை, துப்பறிவாளர் ஒருவர் மூலம் டிஎம்வி (மாநில மோட்டார் வாகனத் துறை) பதிவிலிருந்து எடுத்துத்தான் ஒரு வெறிபிடித்த ரசிகன் வாசலில் போய் அவரைச் சுட்டான். அதற்குப் பிறகு கலிஃபோர்னியாவும், 1994-ல் மத்திய அரசும் அந்தக் கதவை மூடின. டிஎம்வியில் வேலை பார்க்கும் தெரிந்தவரிடம் கேட்பது இன்னும் மோசம். அவர் வேலையும் போகும். போலீசும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் முறைப்படி எடுத்துக்கொள்வார்கள்.

வாட்ஸ்அப் குரூப்? சாலையில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்த பிளேட்டைக் காட்டுவதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று ஓட்டியது வண்டிச் சொந்தக்காரர்தானா என்று உங்களுக்குத் தெரியாது. "இவன் ரவுடி" என்று தலைப்புப் போட்டுச் சுற்றுக்கு விட்டு, ஓட்டியது வேறு ஆள் என்றானால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். எழுதிய வார்த்தை நமக்கே எதிராகத் திரும்பும் என்பதற்குப் பக்கத்து ஊரே சாட்சி. 2013 ஜூனில் பிளசன்டன் ஃபுட்ஹில் ரோட்டில் ஓர் இளைஞன் 80 மைலைத் தாண்டிய வேகத்தில் வந்து சைக்கிளில் போன ஒரு பெண்மணியைக் கொன்றான். வேகமாக ஓட்டுவதைப் பெருமையடித்து அவன் முன்பே போட்டிருந்த ட்வீட்டுகள் அரசுத் தரப்பு கையில் கிடைத்தன. கொலைக் குற்றச்சாட்டே பதிவானது.

டேஷ்கேம் ஒலியையும் பதிவு செய்யும் என்பதை மறந்திருப்பீர்கள். பயணிகளுக்குத் தெரியாமல் அவர்கள் பேச்சைப் பதிவு செய்வது இந்த மாநிலத்தில் சிக்கல். மாமனாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிரேக் அடித்த அந்த நொடியில் நீங்கள் தமிழில் என்ன சொன்னீர்களோ, அதை சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நீதிமன்றத்தில் நிதானமாக ஆங்கிலத்தில் வாசிப்பார். அதற்காக அந்த இடத்தை வெட்டிவிடாதீர்கள். விசாரணைக்கு வரும் என்று தெரிந்து ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம், அது சண்டையைவிடப் பெரிய தலைவலி.

கை காட்டியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது குற்றம் இல்லை. ஆனால் 2021 மே மாதம் ஆரஞ்சு கவுண்ட்டியில் 55-வது ஃப்ரீவேயில், குறுக்கே வெட்டிய காரைப் பார்த்து ஒரு தாய் விரலைக் காட்டினார். அந்தக் காரிலிருந்து வந்த ஒரே குண்டு, பின் சீட்டில் உட்கார்ந்து கிண்டர்கார்ட்டனுக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய 6 வயது மகனைக் கொன்றது. சுட்டவனுக்கு 2024-ல் 40 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. தாய்மேல் சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

விசா கேள்விக்கு வருகிறேன். புகார் கொடுப்பதால், சாட்சி சொல்வதால் எச்1பி-க்கோ கிரீன் கார்டுக்கோ ஒன்றும் வராது. வேக டிக்கெட்டும் அப்படித்தான். பயப்பட வேண்டியது எதிர்ப்புகாருக்கு. அவனும் உங்கள்மேல் கொடுக்கலாம். நீங்கள் பக்கத்தில் போனதை வைத்து 23103 உங்கள்மேல் பாய்ந்தால் 2 பாயின்ட், குறைந்தது 20 சதவீதம் என்று சட்டமே உறுதி செய்யும் நல்ல டிரைவர் தள்ளுபடியும் போகும். அதுவாவது குடியேற்றச் சட்டத்தில் பெரிதாக உறுத்தாது. 245 அப்படி இல்லை. 2017-ல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம், கலிஃபோர்னியாவின் 245(ஏ)(1) ஒழுக்கக்கேடான குற்றம் என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தப் பிரிவில் கைதானாலே அடுத்த விசா ஸ்டாம்பிங் படிவத்தில் "ஆம்" என்று டிக் அடிக்க வேண்டியிருக்கும். யாராவது உங்களை விசாரிக்க அழைத்தால், கிரிமினல் வக்கீலையும் இமிகிரேஷன் வக்கீலையும் ஒரே மேஜையில் உட்கார வைத்த பிறகு பேசுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: டேஷ்கேமின் மெமரி கார்டை வெளியே எடுங்கள். அது சுழற்சியில் பழையதை அழித்துக்கொண்டே போகும்; ஒரு மாதம் ஆகிவிட்டது, இன்னும் இருந்தால் அதிர்ஷ்டம். வீடியோவை முழுதாக, வெட்டாமல் இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். மனைவியும் மாமனாரும் பார்த்ததைத் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போடட்டும். மாமனார் தமிழிலேயே எழுதலாம், அவர் ஊர் திரும்பும் முன்பே வாங்கிவிடுங்கள். ஹைவே பேட்ரோலின் அவசரமில்லாத எண் 1-800-835-5247. ரிப்போர்ட்டில் உங்கள் பிரேக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீடியோவில் இருப்பதை நீங்களே முதலில் சொன்னால் அது தகவல். அவர்கள் கண்டுபிடித்தால் அதற்குப் பெயர் வேறு.