வீட்டுக்கு ஒரு மெல்லிய கத்தி

இடம்பெயர்ந்து வந்த குடும்பமொன்று புதிய இடத்தில் அடுப்பு மூட்டும்போது, பானைக்கும் பாய்க்கும் அடுத்ததாகத் தேவைப்படும் பொருள் கத்தியாகும். மண்வெட்டியை அயலவரிடம் ஒருநாள் இரவல் வாங்கலாம். கத்தியை அப்படி வாங்க முடியாது. காலையில் சமையலுக்கும், பின்னர் தோட்டத்துக்கும், மாலையில் கயிறு அறுக்கவும் அதுவே வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல சரிந்தபோது, வீட்டோடு வேலைக் கருவிகளையும் பறிகொடுத்த குடும்பங்கள் பல. அவர்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கவேண்டியுள்ளது. கையிலுள்ள பணத்துக்கு ஒரே ஒரு கத்திதான் வாங்கலாம் என்றால் எதை வாங்குவது?

பெரும்பாலானோர் கையில் எடுத்துப் பார்த்து, பாரமானதையே நல்லதென்று எண்ணுகிறோம். தடித்த கத்தி நீண்டகாலம் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் அது வெட்டுமா என்பது வேறு கேள்வி.

கத்தியொன்று மரவள்ளிக் கிழங்கில் இறங்கும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. கத்தியின் வாய் நாரைப் பிரிக்கின்றது. இதற்குக் கூர் போதும். அதன் பின்னால் வரும் அலகு, பிரிந்த இரு பக்கங்களையும் தள்ளி விலக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். இங்கேதான் கையின் பலம் செலவாகின்றது. 3 சென்ரிமீற்றர் அகலமான அலகு, முதுகிலிருந்து வாய்வரை ஒரே சீராக மெலிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதுகு 2 மில்லிமீற்றர் தடிப்பானால், கத்தி ஒரு சென்ரிமீற்றர் இறங்கும்போது கிழங்கை முக்கால் மில்லிமீற்றரிலும் குறைவாகவே விலக்குகிறது. முதுகு 6 மில்லிமீற்றரானால் அதே ஆழத்தில் 2 மில்லிமீற்றர் விலக்கவேண்டும். இரண்டையும் ஒரே கல்லில் ஒரே அளவு தீட்டினாலும் இந்த வித்தியாசம் போகாது. தீட்டத் தீட்டப் பாடு குறையவில்லையே என்று அலுத்துக்கொள்ளும் தாய்மாரின் கத்தியைப் பார்த்தால், அதன் வாய்க்குப் பின்புறம் தடித்திருப்பதைக் காணலாம்.

இதைச் சோதிக்கக் கரட் ஒன்று போதும். மெல்லிய அலகு சத்தமின்றி இறங்கும். தடித்த அலகு பாதி வழியில் ஆப்புப்போல நின்று, கரட்டை "டக்" என்று பிளந்துவிடும். அது வெட்டு அல்ல, உடைப்பு. பூசணிக்காயிலும் பலாக்காயிலும் இந்த உடைப்புத்தான் ஆபத்து. பலத்தை ஊன்றி அழுத்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று பிளந்தால், கத்தி மறுகையில் போய் நிற்கும்.

கட்டுகஸ்தோட்டை, யாழ்ப்பாணம் போகும் A9 வீதியிலிருந்து குருநாகல் வீதி பிரியும் சந்தி. இத்தகைய சந்திக் கடைகளில் இருவகைக் கத்திகளையும் பார்க்கலாம். ஒன்று, லொறியின் வில்லுத் தகட்டை அடித்துக் கொல்லர் செய்யும் கத்தி. உருக்கு நல்லது, ஆனால் தகடு தடித்தது; மெலிய அடிக்காமல் விட்டால் அது மன்னாக் கத்தியாகவே இருக்கும். மற்றது, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தகட்டில் அச்சடித்த மலிவான கத்தி. இது வெங்காயத்துக்கு உதவும், மரவள்ளியில் வளைந்துவிடும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே உள்ளது. வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு சொல்: சிங்களத்தில் "துனீ பிஹியக்" என்று கேட்டால் மெல்லிய கத்தி ஒன்று என்று பொருள்.

இது புதிய யோசனையன்று. சுவீடன் நாட்டில் மோரா என்னும் ஊரின் பெயரால் அறியப்படும் கத்திகளின் அலகு பெரும்பாலும் 2 முதல் 2.5 மில்லிமீற்றர்தான். விவசாயியும் தச்சனும் மீனவனும் அதனையே பயன்படுத்துகின்றனர். நமது நாட்டுக் கொல்லருக்கும் இது கைவராத வேலையல்ல. கண்டி இராச்சியத்துக் கைவினைகளைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் இங்கே இரும்பும் உருக்கும் செய்த முறைகள் விவரிக்கப்பட்டுள்ளன. கேட்பவர் கேட்டால் கொல்லர் மெலிய அடித்துத் தருவார், நாம்தான் கேட்பதில்லை.

வாங்கும்போது பிள்ளையின் அடிமட்டத்தைக் கொண்டு போங்கள். முதுகில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். அலகின் நீளம் 4 அல்லது 5 அங்குலம் போதும். மடக்குக் கத்தி வேண்டாம். மூட்டில் மண்ணும் பலாப் பாலும் அடையும். நாளடைவில் மூட்டுத் தளர்ந்து விரல்மேல் மடியவும் கூடும். அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறதென்று பாருங்கள். பிடியின் கடைசிவரை போய், இரண்டு மூன்று ஆணிகளால் இறுக்கப்பட்டிருந்தால் நல்லது. வாயோரம் நீலம் பாரித்திருந்தால் வாங்காதீர்கள். சாணைச் சக்கரத்தில் சூடேறி உருக்கின் கடினம் போய்விட்டதற்கு அதுவே அடையாளம். அந்தக் கத்தியில் கூர் நிற்காது. பிடியைப் பற்றிப் பார்க்கவேண்டியவர் அதைப் பாவிக்கப் போகிறவரே. வீட்டில் அதிகம் வெட்டுபவர் மனைவியாயிருக்க, கணவர் தம் கைக்குப் பார்த்து வாங்கி வருவதில் பயனில்லை.

துருப்பிடிக்காத உருக்கா, சாதாரண உருக்கா என்று கேட்பார்கள். பின்னையது துருவேறும், வாழைப்பாலில் கறுக்கும். ஆனால் சாதாரண கல்லில் விரைவில் கூராகும். துடைத்து வைக்கும் பழக்கமுள்ள வீட்டுக்கு அதுவே நல்லதென்பது நமது எண்ணம். ஈரமான கூடாரத்தில் இருப்போர் மற்றதை வாங்கலாம்.

தோட்டத்தில் இதன் பயன் இன்னும் பெரிது. மிளகுக் கொடியைத் தடித்த கத்தியால் வெட்டினால் தண்டு நசியும்; நசிந்த இடத்தில் அழுகல் தொடங்கும். இரவல் காணியில் நட்ட கொடிகளில் பாதி பட்டுப்போனால் மறுபடி வாங்கப் பணம் எங்கே? மெல்லிய கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டிய தண்டு சுத்தமாயிருக்கும். விதை இஞ்சியைத் துண்டாக்குவதற்கும் இது பொருந்தும். அழுகிய துண்டை வெட்ட நேர்ந்தால், கத்தியைச் சவர்க்காரமிட்டுக் கழுவித் துடைத்த பின்பே அடுத்ததைத் தொடவேண்டும்.

மெல்லிய கத்தியால் தேங்காய் உடைக்கவோ, விறகு கொத்தவோ, எலும்பு வெட்டவோ, மூடி நெம்பவோ கூடாது. வாய் உதிர்ந்துவிடும். அந்த வேலைகளுக்கு மன்னாக் கத்தி ஒன்றை இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து வைத்திருக்கலாம்.

தீட்டும்போது கல்லை நனைத்து, 3 சென்ரிமீற்றர் அகலமான அலகானால் முதுகை ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் உயர்த்திப் பிடித்து, இருபுறமும் சமமாக இழுக்கவும். கல் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியிலுள்ள மெருகில்லாத வளையத்தில் தீட்டலாம். கமுக மடலை இரண்டாக மடித்துக் கட்டினால் நல்ல உறையாகும். கூடாரத்தில் சிறுபிள்ளைகள் இருப்பதால் உறையின்றி வைக்கவேண்டாம்.

செய்து பாருங்கள்: அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கத்தியைக் கொண்டு வரட்டும். எல்லாவற்றையும் ஒரே கல்லில் தீட்டி, ஒரே கிழங்கை வெட்டிப் பார்க்கவும். தடித்தவை எவையென்று தெரிந்தபின் அவற்றைச் சேர்த்து, வாய்க்குப் பின்புறத்தை மெலிப்பிக்கப் பட்டறைக்குக் கொண்டு செல்லலாம். கூலியை முன்கூட்டியே பேசவும். சாணைச் சக்கரத்தில் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்க்கிறாரா என்று ஒருவர் கூட நின்று கவனிக்கவும்.