தேரையின் மீது சுமத்திய பழி

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டில் தேங்காய் வாங்குவோர் காயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பதும், வற்றிச் சுருங்கிய காயை “தேரை மோந்தது” என்று ஒதுக்கிவிடுவதும் நெடுநாளைய வழக்கம். வாயில்லாத அப்பிராணியின் மீது நாம் சுமத்தியுள்ள அபவாதங்களையும், அதனிடம் மெய்யாகவே உள்ள விஷத்தையும் பகுத்தறிந்துகொள்வது இரு தரப்புக்கும் க்ஷேமம் தருவதாகும்.

நம்பிக்கை: தேரை மோந்தாலோ, நீரைக் குடித்தாலோ தேங்காய் வெறுமையாகிவிடும்.

உண்மை: தேரைக்கு நீரை வாயால் பருகும் இயல்பே கிடையாது, ஈரமண்ணில் அமர்ந்து அடிவயிற்றுத் தோலின் வழியாகவே அது நீரை உள்ளிழுத்துக்கொள்கிறது. ஆகையால், தென்னையின் உச்சிக்கு ஏறி, மட்டையும் ஓடும் சற்றும் சேதமாகாமல் உள்ளிருக்கும் இளநீரைக் குடித்துவிடும் சாமர்த்தியத்தை அதற்குக் கற்பிப்பது யுக்திக்குப் பொருந்தாது. மகரந்தச் சேர்க்கைக் குறைவும், வறட்சியும், சாம்பல் சத்து, போரான் சத்து ஆகியவற்றின் போதாமையுமே ஒல்லிக்காய்க்குக் காரணங்கள். இவற்றோடு, 1998-இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கண்டறியப்பட்டுப் பின்னர் தமிழ்நாட்டுத் தோப்புகளிலும் பரவிய ஈரியோபைட் சிலந்தி, கண்ணுக்குப் புலப்படாத சிறுமையுடையதாயினும், குரும்பையின் காம்பருகே உள்ள செதில்களுக்குள் புகுந்து சாற்றை உறிஞ்சிக் காயைச் சிறுக்கச் செய்கிறது.

நம்பிக்கை: தேரையைத் தொட்டால் மரு உண்டாகும்.

உண்மை: மருவுக்குக் காரணம் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒருவகை வைரஸ். தேரையின் உடலில் காணும் முண்டுகளோ அதன் தோலிலுள்ள சுரப்பிகள். அவை எவருக்கும் ஒட்டிக்கொள்வதில்லை.

நம்பிக்கை: தீங்கற்ற பிராணியாதலால், நன்றாக வேகவைத்தால் தேரையை உண்ணலாம்.

உண்மை: இதுவே யாவற்றிலும் அபாயகரமான எண்ணம். கண்களுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளில் ஊறும் வெண்ணிற விஷம், அரளியின் நஞ்சைப் போலவே இருதயத்தின் துடிப்பைத் தடுமாறச் செய்வது, சமைப்பதனால் அழியாதது, உண்டவர் உயிரையும் போக்கவல்லது. தேரையைத் தொட நேர்ந்தால், கண்ணையோ வாயையோ தொடுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் போதும். உண்டுவிட்டாலோ, கைவைத்தியத்தில் காலம் போக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்வதே விவேகம்.

நம்பிக்கை: தொட்டாலே கொல்லும் வண்ணத் தவளைகள் நம் காடுகளிலும் உண்டு.

உண்மை: கைப்பேசிகளில் உலவும் படங்களிலுள்ள தங்க விஷத்தவளை, கொலம்பியாவின் பசிபிக் கரையோரத் தாழ்நில மழைக்காட்டுக்கே உரியது, எம்பெரா பழங்குடியினர் தம் ஊதுகுழல் அம்புகளின் முனையை அதன் முதுகில் தேய்த்து விஷமேற்றி வந்தனர், 1978-இல்தான் விஞ்ஞானிகள் அதற்குத் தனி இனமாகப் பெயரிட்டனர். வளர்ப்பிடங்களில் பிறந்து வளரும் அதன் குஞ்சுகளிடம் அவ்விஷம் காணப்படுவதில்லை. காட்டில் உண்ணும் இரையே அதற்கு மூலம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். நம் தேரையோ தன் விஷத்தைத் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்வது.

காய் சுருங்கிய பழியைத் தேரையின் தலையில் ஏற்றிவிட்டு அமைதியடைகிற விவசாயி, மரத்தின் மெய்யான நோயைக் கவனியாது விடுவதோடு, கறையானையும் எறும்பையும் வண்டையும் இரவெல்லாம் தின்று தீர்க்கும் ஓர் உதவியாளனையும் கொன்றுவிடுகிறார். ஒல்லிக்காய் மிகுமானால் மண்ணைப் பரிசோதித்து உரிய சத்தை இடுங்கள். தேரையை உண்ணாமலும் அடிக்காமலும் அதன் வழியே விட்டுவிடுங்கள்.